தூசியை எடை போட்ட வீடு

மேல் வீட்டில் டைல்ஸ் மாற்றுகிறார்கள். ஒரு வாரமாக இதே கூத்து. காலையில் அந்த மிஷின் கிர்ரென்று ஆரம்பித்தால் போதும், என் வீட்டு ஜன்னல் கம்பி, துளசித் தொட்டி, கொடியில் காயும் துணி என்று எல்லாவற்றின் மேலும் கோலமாவு கொட்டினதுபோல் ஆகிவிடுகிறது. நேற்று பொறுக்க முடியாமல் படியேறிப் போனேன். மூக்கில் ஒரு கைக்குட்டைகூடக் கட்டாமல் ஒருவர் உட்கார்ந்து கிரானைட் பலகையை அறுத்துக்கொண்டிருந்தார். புருவம் வெள்ளை, மீசை வெள்ளை.

"தண்ணி ஊத்தி அறுக்கக் கூடாதாங்க?" என்றேன்.

"ஊத்துனா உங்க வூட்டுக்குத்தாம்மா ஒழுவும். அப்புறம் அதுக்கும் நீங்கதான் வந்து சண்ட போடுவீங்க" என்றார்.

நியாயமான பேச்சுதான். ஆனால் எனக்கு நியாயம் கேட்கும் பொறுமை இல்லை. கீழே போய் ஒரு வாளித் தண்ணீரும் மக்கும் எடுத்து வந்து, பக்கத்தில் நின்று நானே ஊற்றினேன். வீட்டுக்காரம்மா வந்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள். ரெட்டியார்பாளையம் முழுக்க இந்நேரம் செய்தி பரவியிருக்கும். பரவட்டும். அறுபடுகிற கல்லில் தண்ணீர் பட்டதும் ஒரு வாடை எழும்பியது பாருங்கள், அதைச் சொல்லத்தான் இவ்வளவும். மழை பெய்தால் வருமே மண்வாசனை, அது இல்லை இது. கொஞ்சம் கருகலும் கொஞ்சம் இரும்பும் சேர்ந்த வாடை. அதை முகர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். "ஊத்தும்மா" என்று அவர் சொன்ன பிறகுதான் சுய நினைவு வந்தது.

நான் பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலம். சுனாமிக்கு முந்தி. ஊருக்கு இன்னும் புதுச்சேரி என்று பேர் மாறவில்லை. அது மாறிய பிறகும் நாங்கள் பாண்டி என்றுதான் சொல்கிறோம், அது வேறு விஷயம். பாண்டியில் சாரம் என்கிற பகுதியில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் சின்னதாக ஒரு ஆய்வுக்கூடம் இருந்தது. அதை நடத்தியவரை எல்லோரும் பிரெஞ்சு மரியாதையில் முசியே என்றுதான் கூப்பிடுவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழர். சின்ன வயதில் கப்பலேறிப் போய், பிரான்சில் வடக்கே நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்த பக்கம், சுரங்கக் காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று அளக்கும் இடத்தில் முழு ஆயுசும் வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். மற்றவர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு கடற்கரையில் காற்று வாங்கினார்கள். இவர் வீட்டுக்குள்ளேயே தூசி வாங்கிக்கொண்டிருந்தார்.

"மம்செல், உனக்கு மூச்ச அடக்கத் தெரியுமா?" என்பதுதான் இன்டர்வியூவில் அவர் கேட்ட ஒரே கேள்வி. கல்யாணமாகாத பெண்ணை பிரெஞ்சில் மம்செல் என்பார்கள். கிறுக்குக் கிழவர் என்று நினைத்தேன். வேலையில் சேர்ந்த பிறகுதான் புரிந்தது.

வேலை இதுதான். சுரங்கத்தில் வேலை செய்கிறவரின் இடுப்பு பெல்ட்டில் டிபன் டப்பா அளவு ஒரு பம்ப்பை மாட்டுவோம். அதிலிருந்து ஒரு ட்யூப் முதுகு வழியாக ஏறி சட்டைக் காலருக்கு வரும். அதன் நுனியில் ஒரு சின்னக் கூடு, கூட்டுக்குள் வட்டமாக ஒரு வெள்ளை பேப்பர். ஆள் சுவாசிக்கிற இடத்துக் காற்றை நாள் முழுக்க அந்த பம்ப் இழுக்கும். நெஞ்சுக்குள் போகக்கூடிய நைசான தூசி பேப்பரில் படியும். மாட்டுவதற்கு முன் பேப்பரை எடை போடுவேன், கழற்றின பிறகு மறுபடி எடை போடுவேன். கூடின எடைதான் தூசி. தராசோ மூச்சு பட்டால்கூட ஆடுகிற தராசு. அதனால் மூச்சை அடக்கிக்கொண்டுதான் எடை போட வேண்டும். தெருவில் டெம்போ போனால் எண் ஆடும். கடல்காற்று ஈரமாக வந்தால் பேப்பர் கனத்துவிடும். ஆடி மாதம் தெருமுனையில் மேளம் அடித்தால் அன்றைக்கு முசியே தராசைத் துணி போட்டு மூடிவிட்டு, காதில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

வீட்டில் என் வேலையை யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியவில்லை. தரகர் வந்து "பொண்ணு என்ன பண்ணுது?" என்று கேட்டபோது அம்மா யோசித்து யோசித்து, "தூசிய எட போடறா" என்று சொல்லி வைத்தாள். "எதுக்கு?" என்றார் அவர். அம்மாவுக்குத் தெரியவில்லை. அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று.

சுரங்கம் என்றதும் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு இருட்டுக்குள் இறங்குவார்கள் என்று நானும் கனவு கண்டேன். எங்களுக்கு அதிகம் வந்ததெல்லாம் வானூர்ப் பக்கத்துக் கல் குவாரிகள். சட்டப்படி குவாரியும் சுரங்கம்தானாம். மேலே வானம் தெரிகிற சுரங்கம். அந்தக் குவாரிகளில் ஒன்றின் கதைதான் இது.

அந்தக் குவாரியில் பாறைக்குத் துளை போடுவது ஏழுமலை. கம்ப்ரசர் காற்றில் ஓடும் ட்ரில்லைப் பாறைமேல் நிறுத்தி, நெஞ்சாலும் தோளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். துளையிலிருந்து தூசி நேராக முகத்துக்கு வரும். துளைக்குள்ளேயே தண்ணீரைச் செலுத்திக்கொண்டு போடுகிற ட்ரில்லும் உண்டு. அதில் தூசி சேறாகி வழிந்துவிடும், காற்றில் எழும்பாது. முசியே அந்த முதலாளியிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டே இருந்தார். முதலாளி மோசமானவர் இல்லை, வாயாடி மட்டும்தான். "முசியே, நீங்க அளந்து பாருங்க. சட்டம் சொன்ன அளவுக்கு மேல வந்துச்சுன்னா தண்ணி ட்ரில்லு எறக்கிடறேன். கீழ இருந்துச்சுன்னா ஆள வுடுங்க" என்று சொல்லிவிட்டார். ஆக, ஏழுமலையின் காலரில் மாட்டப்போகிற பேப்பர்தான் அவன் நெஞ்சுக்கு ஜவாப்.

ஏழுமலைக்கு அக்கா ஒருத்தி, பேர் அஞ்சலை. அஞ்சலையின் புருஷன் பலராமன் அதே குவாரியில் ஏழுமலைக்கு முன்னால் துளை போட்டவர். இருமல் வந்து, ட்ரில்லைப் பிடிக்கத் தெம்பு போய், முதலாளி அவரை கேட்டில் காவலுக்கு உட்கார வைத்திருந்தார். வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஒரு வாரம் நாங்கள் பட்ட பாடு மிச்சமாகியிருக்கும்.

எங்கள் ஃபீல்டு ஆள் பாஸ்கர் போய் அடுத்தடுத்த சில நாள் மிஷின்களை மாட்டிவிட்டு வந்தான். ஏழுமலைக்கு ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க ஆபீஸ் கிளார்க்குக்கு ஒன்று. பேப்பர்கள் வந்தன. எடை போட்டேன். தலை சுற்றியது. துளை போடுகிற ஏழுமலையின் பேப்பரைவிட, ஃபேன் கீழே உட்கார்ந்து கணக்கு எழுதுகிற கிளார்க்கின் பேப்பரில் தூசி கூடுதல்!

பேப்பரை மாற்றி வைத்துவிட்டேனோ என்று முதலில் என்னையே சந்தேகப்பட்டேன். எண்களைச் சரிபார்த்தேன், மாறவில்லை. முசியே தராசைச் சந்தேகப்பட்டார். அடுப்படியில் மீன் வறுத்த புகை அறைக்குள் வந்திருக்குமோ என்று கேட்டு அவருடைய மனைவி மதாமிடம் திட்டு வாங்கினார். நான் பாஸ்கரைச் சந்தேகப்பட்டேன்.

"நீ மாட்டிட்டுத் தூங்கிட்டியா?"

"யம்மா தாயே, காலையில நாந்தான் கட்டுனேன், சாயங்காலம் நாந்தான் கழட்டுனேன். ஏழுமல மேலதான் இருந்துச்சு. மாரியாத்தா மேல சத்தியமா."

நடுவில் எங்கே இருந்தாய் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. ஆபீஸ் ரூமில், அதே ஃபேன் கீழே, கிளார்க்கோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தானாம். பிறகு தெரிந்தது.

அதே பேப்பர்களைத் திரும்பத் திரும்ப எடை போட்டேன். ஈரம் உறிஞ்சும் ஜாடியில் காயவைத்து எடை போட்டேன். ஏ.சி.யை நிறுத்தி எடை போட்டேன். எண் அசையவில்லை. காற்று எந்தப் பக்கம் அடித்தது, ட்ரில் ஓடியதா, பாறை ஈரமாக இருந்ததா என்று முசியே என்னென்னவோ யோசித்தார். ஒன்றும் பிடிபடவில்லை. வேறு வழியில்லாமல், வந்த எண்ணை வந்தபடியே எழுதி அனுப்பிவிட்டார். "தராசு பொய் சொல்லாது மம்செல்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் தராசின்மேல் அவருக்கே கோபம் இருந்ததுபோல்தான் தெரிந்தது. முதலாளிக்கு ஏகக் குஷி. தண்ணீர் ட்ரில் பேச்சு அத்தோடு நின்றது. ஏழுமலை பழையபடி தூசிக்குள் நின்றான்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம், வேகவைத்த வேர்க்கடலைப் பையோடு ஒரு அம்மா வாசலில் வந்து நின்றாள். பஸ் மாறி மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. பாஸ்கரின் மிஷின் பையில் எழுதியிருந்த விலாசத்தை யாரையோ படிக்கச் சொல்லி வந்திருக்கிறாள்.

"ஏம்மா, இங்கதான தூசி எடுக்கற மிஷினு குடுக்கறாங்க?"

"ஆமா, நீங்க யாரு?"

"ஏழுமல அக்கா. அஞ்சல. குவாரியிலேர்ந்து வரேன். அந்த மிஷினு இன்னும் ஒரு மாசத்துக்குக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போவும். எங்க வூட்டுக்காரருக்கு அது கட்டியிருந்த நாள்ல இருமலே இல்லம்மா. ராத்திரி படுத்து நல்லாத் தூங்குனாரு. கழட்டிக்கினு போனதும் மறுபடி ஆரம்பிச்சிடுச்சு."

எனக்கு ஒரு இழவும் புரியவில்லை.

"உங்க வீட்டுக்காரருக்கு நாங்க கட்டலியேக்கா. ஏழுமலைக்குத்தான கட்டுனோம்?"

"அவனுக்கு என்னாத்துக்கு? அவன் வயசுப் பையன், நல்லாத்தான் இருக்கான். பாஸ்கரு தம்பி அந்தாண்ட போனதும் அவன்தான் கழட்டியாந்து மாமனுக்குக் கட்டிவுட்டான். அவருக்குத்தான நெஞ்சு பூரா தூசி? சாயங்காலம் அந்தப் பேப்பரப் பாத்தம்மா, லேசா சாம்பக் கலருல இருந்துச்சி. எம்மாந் தூசிய வெளிய எடுத்திருக்குன்னு எல்லாரும் ஆச்சரியப்பட்டுக்கினோம்."

நான் தராசு அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அது நின்றும் போயிற்று. ஒரு மிஷின் இருக்கிறது. நெஞ்சுக்குப் பக்கத்தில் ட்யூபை வைத்து நாள் முழுக்க உறிஞ்சுகிறது. சாயங்காலம் பார்த்தால் வெள்ளைப் பேப்பரில் தூசி. எவ்வளவு என்று பார்ப்பதற்காக மட்டும், ஒன்றும் செய்யாமல், இத்தனை பாடுபட்டு மனுஷன் மேல் ஒரு மிஷினைக் கட்டுவான் என்று யார் நினைப்பார்கள்? நீங்களே சொல்லுங்கள். வைத்தியம் என்று அவர்கள் நினைத்ததுதான் எனக்கு நியாயமாகப் பட்டது. நினைத்ததோடு விடாமல், இருக்கிற ஒன்றை யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். வேப்பமரத்தடிக் காற்றைத்தான் நான் ஒரு வாரம் மூச்சடக்கி எடை போட்டிருக்கிறேன்.

முசியேவைக் கூப்பிட்டேன். அவர் வந்து நின்று முழுக்கக் கேட்டார். பிறகு பம்ப்பைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து ஓட விட்டார்.

"இங்க பாரும்மா. இது வெளிக்காத்தத்தான் இழுக்கும். உன் புருஷன் மூக்குக்கு முன்னால என்ன இருக்குன்னு பாக்க. நெஞ்சுக்குள்ள இருக்கறது இதுக்குத் தெரியாது."

"அப்ப உள்ள போனது?"

"உள்ள போனது உள்ளதான்."

"எடுக்க மிஷினே இல்லியா?"

"நோன். இல்ல."

அவள் ஓடிக்கொண்டிருந்த பம்ப்பின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு, "பிரான்சுல கூடவா இல்ல?" என்று கேட்டாள்.

எங்கள் ஊரில் இது சாதாரணக் கேள்வி இல்லை. இங்கே இல்லாதது, கிடைக்காதது, தீராதது எதுவானாலும் பிரான்சில் இருக்கும் என்று தலைமுறை தலைமுறையாக நம்பின ஊர் இது. முசியே பம்ப்பை நிறுத்தினார். "பிரான்சுலயும் இல்லம்மா. அங்க நான் அளந்த ஆளுங்க எல்லாரும் இப்பிடித்தான் ஜன்னலோரம் நாற்காலி போட்டு ஒக்காந்தாங்க. அதனாலதான் உள்ள போறதுக்கு முன்னாடியே நிறுத்தணும்னு சொல்றேன்" என்றார்.

அடுத்ததை நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. மிஷின் ஏழுமலை மேல் இல்லாததால் அவன் இடத்தில் தூசி குறைவு என்று எண் வந்துவிட்டது, அதனால் தண்ணீர் ட்ரில் வராது என்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. சுருக்கமாகத்தான் சொல்லியிருப்பேன், ஏனென்றால் அவள் உடனே புரிந்துகொண்டாள். புரிந்துகொண்ட முகத்தை நான் பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம்.

"எம் புருசன் நல்லாவணும்னு செஞ்சது எந்தம்பி தலையிலயா வுழுந்துடுச்சி?" என்றாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "நாந்தாம்மா அவனுக்கு சபாஷ்னு சொன்னேன். 'மாமன் மேல இவ்ளோ பாசமாடா'ன்னு கேட்டு மீன் கொழம்பு வெச்சிப் போட்டேன்."

முசியே அன்றைக்கே தன் பழைய மொபெட்டில் குவாரிக்குப் போய், கொடுத்த எண் செல்லாது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். முதலாளி குதித்தாராம். "ஆளுங்க பண்ண கூத்துக்கு நான் என்னா பண்றது? ஒருவாட்டி வந்தது வந்ததுதான்" என்றாராம். மறுநாள் காலை முசியே என்னையும் பாஸ்கரையும் கூட்டிக்கொண்டு போய் குவாரி வாசலில் நின்றுவிட்டார். தொப்பியும் ஷூவுமாக ஒரு கிழவர் வெயிலில் நிற்பதைப் பார்த்து முதலாளிக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. "உள்ள வாங்க, விழுந்து கிழுந்து தொலைக்கப் போறீங்க" என்று கதவைத் திறந்துவிட்டார்.

நான் குவாரியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். எடை போட்டுப் போட்டு எனக்குத் தூசி என்றால் தசம ஸ்தானத்துக்குப் பின்னால் வருகிற எண் என்றே ஆகிவிட்டிருந்தது. அங்கே அது ஒரு மேகமாக நின்றது. மேகத்துக்குள்ளிருந்து ஏழுமலை வந்தான். இமை மயிரெல்லாம் வெள்ளை. சிரித்தபோது வாய் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. என் தம்பி வயதுதான் இருக்கும். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வேப்பமரத்தடியில் பலராமன் உட்கார்ந்திருந்தார். நெடுநெடுவென்று உயரமான மனுஷன், தோள் மட்டும் கூடு கட்டினதுபோல் உள்ளே வளைந்திருந்தது. அஞ்சலை எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருந்தாள். பாஸ்கர் பம்ப்பை எடுத்தபோது, "குடு தம்பி, நானே கட்டறேன்" என்று வாங்கினார். வாங்கி, ஒரு நிமிஷம் கையிலேயே வைத்திருந்தார்.

"அப்ப எனக்கு இது வேலைக்காவாதா பாப்பா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"ஆவாதுங்க" என்றேன்.

"ஆனா அன்னிக்கெல்லாம் இருமவே இல்ல. அது மட்டும் நெசம்."

மிஷின் பக்கத்தில் பீடி பிடிக்கக் கூடாது என்று பாஸ்கர் எல்லோரிடமும் கண்டித்துச் சொல்லியிருந்தானாம். அதனால் அந்த நாள்களில் அவர் பீடியைத் தொடவில்லை. அதனால் இருக்கலாம் என்றார் முசியே. இருக்கலாம். எனக்கு அன்றைக்கும் அது முழுசாகத் தெளியவில்லை, இன்றைக்கும் இல்லை.

மச்சான் இடுப்பில் பெல்ட்டைச் சுற்றி, ட்யூபை முதுகில் ஏற்றி, காலரில் கூட்டைக் குத்தி, இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு பலராமன் சொன்னார்: "கழட்டினன்னா ஒதைப்பேன், போ." ஏழுமலை போனான். பலராமன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய், தூசி எட்டாத தூரத்தில் போட்டுக்கொண்டு, மாலை வரைக்கும் மச்சானை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். இருமினார், துப்பினார், மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார். அப்படியொரு காவலை நான் எங்கும் பார்க்கவில்லை.

அன்றைய பேப்பரைப் பார்க்கத் தராசே வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் மூச்சை அடக்கிக்கொண்டு எடை போட்டேன். சட்டம் சொன்ன அளவைத் தாண்டியிருந்த எண்ணைப் பார்த்ததும் முசியே, "வுவாலா" என்றார். 'இதோ பார்' என்று சந்தோஷமாகச் சொல்கிற பிரெஞ்சு வார்த்தைதான் அது. அவர் சொன்னது சந்தோஷமாக இல்லை. முதலாளி முணுமுணுத்துக்கொண்டே இருந்தார், ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த மாதமே தண்ணீர் ட்ரில் வந்தது. ட்ராக்டரில் டேங்க் வந்தது. எங்கள் இன்னொரு அளவுக்காக நான் மறுபடி போயிருந்தபோது ஏழுமலை முழங்கால் வரைக்கும் சேற்றோடு நின்றுகொண்டிருந்தான். முகம் கறுப்பாக, முகமாக இருந்தது. அவனைச் சுற்றி அந்த ஈரக் கல் வாடை.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல கதை. அன்று மாலை அஞ்சலை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தம்பிக்கு ஆச்சு. அவருக்கு அந்த மிஷினு ஒண்ணு குடுக்கச் சொல்லும்மா உங்க சாரை."

"அக்கா, அன்னிக்கே சொன்னமே…"

"சொன்னீங்க. வெளங்கிச்சி. இருந்தாலும் குடுக்கச் சொல்லு."

நான் முசியேவிடம் சொன்னபோது அவர் கத்துவார் என்றுதான் நினைத்தேன். கருவிகளை யாராவது தொட்டாலே பிரெஞ்சில் வைகிற மனுஷன். அவரோ அலமாரியைத் திறந்து, ஓரத்தில் கிடந்த ஒரு பம்ப்பை எடுத்தார். உள்ளே ரப்பர் கிழிந்து, ரிப்பேர் ஆகாது என்று ஒதுக்கிவைத்தது. மோட்டார் ஓடும், சத்தம் வரும், காற்றை மட்டும் இழுக்காது. அதற்கு ஒரு புதுப் பேப்பரும் போட்டுக் கொடுத்தார். அஞ்சலை வந்து வாங்கிக்கொண்டபோது ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "இது ஒண்ணும் செய்யாதும்மா. சத்தம் மட்டுந்தான்."

"பரவால்ல சாரு" என்றாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தினமும் சார்ஜ் போட்டுக் கட்டிக்கொண்டு படுக்கிறார் என்று பாஸ்கர் வந்து சொல்வான். தூங்குகிறாராம். அது எப்படித் தூங்க வைக்கும் என்று முசியேவிடம் கேட்டேன். "தெரியல மம்செல்" என்றார். அவர் வாயால் அந்த வார்த்தையை நான் கேட்டது அரிது.

மழைக்காலம் முடிந்து பனி விழ ஆரம்பித்திருந்தபோது பலராமன் போய்விட்டார். எங்களுக்குத் தகவல் வரவில்லை. ஒரு நாள் காலையில் அஞ்சலையும் ஏழுமலையும் ஆய்வுக்கூடத்து வாசலில் வந்து நின்றார்கள். ஏழுமலைக்கு மொட்டைத் தலை. அவன் கையில் மஞ்சள் துணியால் வாய்கட்டின ஒரு மண் கலயம். கடலில் கரைக்கப் போகிறோம், போகிற வழியில் வந்தோம் என்றாள். முந்தானைக்குள்ளிருந்து பம்ப்பை எடுத்து மேஜைமேல் வைத்தாள். சுத்தமாகத் துடைத்து, ட்யூபை அழகாகச் சுற்றிவைத்திருந்தாள்.

"இதுல இருக்கற பேப்பர மட்டும் எடுத்துக் குடும்மா. அவரு உடம்புலேர்ந்து வந்தத அவரோடவே சேத்துக் கரைச்சிடறோம்."

நான் முசியேவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வேறு வழியில்லை. இடுக்கியை எடுத்து, கூட்டைத் திருகித் திறந்தேன். உள்ளே பேப்பர் நாங்கள் போட்டுக் கொடுத்தபோது இருந்த மாதிரியே இருந்தது. பால் வெள்ளை. ஒரு துளி அழுக்கு இல்லை. இருக்கவும் இருக்காது, இழுக்காத பம்ப்பில் என்ன படியும்? அதை இடுக்கி நுனியில் தூக்கிப் பிடித்தேன்.

அஞ்சலை கிட்டத்தில் வந்து பார்த்தாள். முகம் மெல்ல மலர்ந்தது.

"பாத்தியாடா ஏழுமல, கடசியில ஒண்ணுமே இல்ல பாரு. எல்லாத்தையும் எடுத்துடுச்சி. சுத்தமாத்தான் போயிருக்காரு உங்க மாமன்."

ஏழுமலை என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும் என்று அந்தப் பார்வையிலேயே எனக்குப் புரிந்தது. "ஆமாக்கா" என்றான். நானும் "ஆமாக்கா" என்றேன். ஜன்னல் பக்கமிருந்து முசியேவும் ஏதோ சொன்னார், காதில் சரியாக விழவில்லை. அவள் பேப்பரை வாங்கி, மஞ்சள் துணிக்கு அடியில் சொருகிக்கொண்டாள். இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். அவர்கள் மறையும் வரை நான் ஏழுமலை இருமுகிறானா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இருமவில்லை.

அவள் நம்பிச் சொன்னாளா? அல்லது தூக்கம் தந்த மிஷினுக்கு நன்றியாக, எங்கள் மூன்று பேருடைய மனசுக்காகச் சொன்னாளா? அன்றிலிருந்து குழம்பிக்கொண்டிருக்கிறேன். எத்தனையோ பேப்பரை எடை போட்ட எனக்கு அந்த ஒரு பேப்பர் மட்டும் பிடிபடவில்லை.

கேட்டுத் தெளியலாம் என்றால் இப்போது யாரும் இல்லை. முசியே மகளிடம் பிரான்சுக்கே போய், அங்கேயே அடங்கிவிட்டார். சாரத்து வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டிவிட்டார்கள்; தராசு இருந்த இடத்தில் இருசக்கர வண்டிகள் நிற்கின்றன. குவாரியை மூடிப் பல காலமாகிறது. பள்ளம் முழுக்கப் பச்சைத் தண்ணீர். லீவு நாளில் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்களாம். அங்கே குடியிருந்தவர்கள் எந்தெந்த ஊருக்கோ பிரிந்து போனார்கள். ஏழுமலை திருப்பூர்ப் பக்கம் இருக்கிறான் என்று பாஸ்கர் ஒருமுறை சொன்னான், அக்காவைப் பற்றி அவனுக்கும் தெரியவில்லை.

பலராமனின் சாம்பல் அன்றைக்கே கடலில் கரைந்திருக்கும். பேப்பர் பேப்பர் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோமே தவிர, அது பேப்பர் இல்லை, ஒரு வகை பிளாஸ்டிக். தண்ணீரில் கரையவே கரையாது. கெமிஸ்ட்ரி படித்தவள், எனக்கு அது நன்றாகத் தெரியும். அவள் கையில் கொடுக்கும்போதே தெரியும்.